பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பினாங்குக் கூரைகளில் நான்கு நாள்

5 பிப்ரவரி 2026, வியாழன்: பட்டர்வொர்த், நிபோங் திபால்

தைப்பூசம் முடிந்து நான்காம் நாள். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் கூரைச் சோலார் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருக்கிறோம். பட்டர்வொர்த்தில் இறங்கியபோது மணி பத்தரைதான், வெயில் அதற்குள் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே வறட்சி மாதங்கள். கோலாலம்பூரில் மதியம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும் மேகம் இங்கே கண்ணில் படவில்லை.

நிலையத்துக்கு அருகே ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடை. ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று, 6 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. "கேஎல்லில் மழையா அண்ணே?" என்று கேட்டபடியே கடைக்காரத் தம்பி கேட்காமலே இன்னொரு கரண்டி பருப்புக் குழம்பு ஊற்றினார். பினாங்கில் குழம்புக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆண்டு முழுவதும் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுமார் 1,800 யூனிட், கோலாலம்பூரில் சுமார் 1,570. தீபகற்பத்தில் வடக்கே போகப் போக வெயில் கூடும். ஆனால் பினாங்கு சிறிய மாநிலம், நிலம் விலையேறியது. தரையில் பரப்பும் சோலார் வயலுக்கு மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கராவது வேண்டும். அதனால் கோலா கெட்டிலில் இருக்கும் 50 மெகாவாட் வயலைப் போன்றவை எல்லைக்கு அப்பால் கெடாவுக்குப் போயின. பினாங்கின் வளர்ச்சி கூரைமேல்தான்: தொழிற்சாலைக் கூரை, கடைக் கூரை, தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கூரை.

நிபோங் திபாலில் ஒரு தாமான். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற தம்பதி, ஒரு மாடித் தொடர்வீடு. "சாப்பிட்டுட்டுப் பேசலாம் தம்பி" என்று அந்த அம்மா முதலில் தட்டைத்தான் வைத்தார். நெத்திலி சம்பல், முருங்கைக்கீரை, ரசம். மேசையில் ஒரு சோலார் விலைப்பட்டியல் கிடந்தது: 580 வாட் பேனல் 9, மொத்தம் 5.2 கிலோவாட், 21,000 வெள்ளி. ஏன் ஒன்பது என்று கேட்டால், கூரையில் ஒன்பதுதான் பிடிக்கும் என்றார்களாம்.

2025 ஜூன் வரை அந்தக் கணக்கு சரி. அதுவரை இருந்த திட்டத்தில் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்வலைக்கு, ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழியும், மிச்சம் அடுத்த மாதத்துக்கும் போகும். அதனால் எல்லாரும் கூரை நிறைய அடுக்கினார்கள். 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சோலார் அதாப் திட்டம் வேறு மாதிரி. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு 5 கிலோவாட் வரை, திரீ ஃபேஸ் வீட்டுக்கு 15 வரை போடலாம். ஆனால் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது எரிசக்திக் கட்டணம் மட்டும், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு 27.03 காசு. வாங்கும் யூனிட்டுக்குக் கொடுப்பதோ அதோடு கொள்ளளவுக் கட்டணம் 4.55, வலையமைப்புக் கட்டணம் 12.85 சேர்த்து 44.43 காசு. மாதக் கடைசியில் பில்லைத் தாண்டி நிற்கும் வரவு அடுத்த மாதத்துக்குப் போகாது, அழிந்துவிடும்.

இந்த வீட்டில் மாதம் 350 யூனிட். பகலில் 150, இரவில் 200. ஒன்பது பேனலும் பினாங்கு வெயிலில் நாளுக்கு 18 யூனிட், மாதம் 550 தரும். பகல் செலவு போக 400 யூனிட் வெளியே போகும், அதற்கு வரவு 108 வெள்ளி. வாங்கும் 200 யூனிட்டுக்கோ கழிவு எதுவும் பார்க்காமலே 89 வெள்ளிதான். மிச்சம் வீண். இவர்களுக்கு நான்கு பேனல் போதும், ஐந்து என்றால் தாராளம். பட்டியல் போட்டவர் பொய் சொல்லவில்லை, போன வருடத்துக் கணக்கை இந்த வருடமும் சொல்கிறார். அது பொய்க்குக் குறைந்த கெடுதல் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த இரண்டு படங்களுக்கு இடையே உள்ள யூனிட்தான் இனி எல்லாக் கணக்குக்கும் தொடக்கம். மாதம் 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடாக இருந்தால் அதுவும் தேவையில்லை. அந்த அளவுக்கு யூனிட்டுக்கு 25 காசு சலுகைக் கழிவு இருப்பதால் கையிலிருந்து போவதே சுமார் 19 காசு. சோலார் போட்டு எதைச் சேமிப்பது?

மாலையில் ஒரு தமிழ்ப்பள்ளி. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். இந்தப் பள்ளியின் மண்டபம் தகரக் கூரை, கிழக்கு மேற்காகச் சரிவு. பெற்றோர் சங்கத்துக்காரர் மேற்குச் சரிவைக் காட்டினார், வாசலிலிருந்து பார்த்தால் அதுதான் தெரியும் என்பதால். பள்ளி முடிவது ஒன்றரை மணிக்கு. பிப்ரவரியில் பினாங்கின் சூரிய உச்சியும் ஏறக்குறைய ஒன்றரைதான். நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, பினாங்கோ 100 பாகையில் இருக்கிறது, அதனால் உச்சிப்பொழுது இவ்வளவு தள்ளிப்போகிறது. மேற்குச் சரிவில் போட்டால் மின்சாரம் பெருகும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பள்ளிக்குக் கிழக்குச் சரிவு. வேலைக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் வீட்டுக்கு மேற்கு.

யூனிட்டுக்கு யூனிட் கழிந்த காலத்தில் திசை ஒரு பொருட்டில்லை, பினாங்கு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 5.4 பாகை அட்சரேகையில் இருப்பதால் ஆண்டு மொத்தம் பெரிதாக மாறாது. இப்போது மணிக்கணக்கு முக்கியம், திசையும் திரும்பி வந்துவிட்டது.

6 பிப்ரவரி, வெள்ளி: புக்கிட் மெர்தாஜம்

காலையில் சந்தைப் பக்கம் தோசை. ஒன்று 2 வெள்ளி, மூன்று சட்னி. பரிமாறிய அக்கா, தேங்காய் விலை ஏறியதால் வெள்ளைச் சட்னியை மறுமுறை ஊற்ற முடியாது என்று முன்கூட்டியே சொன்னார். சொன்ன விதத்தில் அவ்வளவு வருத்தம்.

இன்றைய வீட்டின் குறை: வெயில் கொளுத்தும் நாளில்தான், பேனலின் டிசியை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுபோகிறது. பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை விட்டு விட்டு நிற்கும், பிறகு தானாக ஓடும். போட்டுக் கொடுத்த நிறுவனம் இரண்டு முறை வந்து, பேனல் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிற்றாம். பேனல் நன்றாகத்தான் இருக்கிறது.

திரையில் பதிவான பிழை, கிரிட் மின்னழுத்தம் அதிகம். நம் நாட்டில் 230 வோல்ட்டுக்கு மேலே 10 சதவீதம் வரை அனுமதி, அதாவது 253. அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும், அது பாதுகாப்பு விதி. மதியம் 1.15க்கு அளந்தோம். மீட்டர் பெட்டியில் 248 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 254. நடுவில் எங்கோ 6 வோல்ட் ஏறுகிறது.

இன்வெர்ட்டர் பின்கட்டுச் சுவரில், மீட்டர் முன்வாசலில், கேபிள் 30 மீட்டர். போட்டிருப்பது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. அந்தக் கேபிளுக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.61 மில்லி ஓம், போக வர 60 மீட்டர், ஆக 0.28 ஓம். 5 கிலோவாட் ஓடும்போது, 230 வோல்ட் கணக்கில், 21.7 ஆம்பியர். பெருக்கினால் ஏறக்குறைய 6 வோல்ட். கிரிட்டுக்குள் மின்சாரத்தைத் தள்ள இன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும், கேபிள் மெலிந்திருந்தால் அதிகம் உயர்த்த வேண்டும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஏற்றம் 2.4 வோல்ட்டாக இறங்கும், இன்வெர்ட்டர் முனையில் 250.4 நிற்கும், நிற்காமல் ஓடும். கேபிளில் மிச்சம் பிடித்தது சில நூறு வெள்ளி. இழந்தது வெயில் நாள்களின் உச்சி மூன்று மணி நேரம், அதுவும் ஓர் ஆண்டாக.

4 சதுர மில்லிமீட்டர் கேபிள் 21.7 ஆம்பியரில் சூடேறி எரியாது. அதனால்தான் வயர்மேன் சோதனையில் தவறு தெரிவதில்லை. கேபிள் தாங்குமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வோல்ட் ஏறும் என்பது வேறு கேள்வி. சோலாரில் இரண்டாவதையும் கேட்க வேண்டும். மொத்த ஏற்றத்தை 1 சதவீதத்துக்குள், 2.3 வோல்ட் அளவில் வைப்பது நல்ல வழக்கம். இன்வெர்ட்டரை மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, பேனலிலிருந்து வரும் டிசி கேபிளை நீளமாக இழுப்பது இன்னும் நல்லது. டிசி பக்கம் 350, 400 வோல்ட், ஆம்பியர் குறைவு, நீளம் அவ்வளவு பாதிக்காது.

இன்வெர்ட்டரின் வரம்பை 253லிருந்து 260க்கு மாற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிழை மறையும், வீட்டிலுள்ள பிரிட்ஜும் விளக்கும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். செய்யக் கூடாது. மீட்டர் பெட்டியிலேயே 253 தாண்டினால் கோளாறு வீட்டில் இல்லை. தேதி, நேரம், அளவு குறித்துப் படத்தோடு மின்சார நிறுவனமான தெனாகாவிடம் புகார் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் அமைப்பை மாற்ற முடியும். ஒரே வரிசையில் ஏழெட்டு வீடு சோலார் போட்ட தாமான்களில் இது இனி அடிக்கடி வரும்.

கூரைக்கு ஏறியது இரண்டு மணிக்கு, அது தவறு. ஓட்டின் மேல் வெப்பமானி 61 டிகிரி காட்டியது, காலணியின் அடிப்பசை இளகி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கூரை வேலை பத்து மணிக்கு முன், ஐந்து மணிக்குப் பின். பேனலுக்குள் செல் 65 டிகிரியைத் தொடும்போது 580 வாட் பேனல் 510தான் தரும், டிகிரிக்கு 0.3 சதவீதம் வீதம் குறையும். ஓட்டுக்கும் பேனலுக்கும் இடையே ஒரு சாண் காற்றுவழி விட வேண்டியது இதற்குத்தான். இந்த வீட்டில் நான்கு விரல்கூட இல்லை.

இணைப்பிகளையும் பார்த்தோம். பேனலோடு வரும் எம்சி4 இணைப்பியோடு வேறு பிராண்ட் இணைப்பியைச் செருகியிருந்தார்கள். செருகும், பூட்டும், பொருந்தியது போலவே இருக்கும். உள்ளே தொடர்பு முழுதாக இராது, சூடேறும், சில ஆண்டில் உருகும். கூரைத் தீக்கு இது பழைய காரணம். இணைப்பியின் ஆண் முனையும் பெண் முனையும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும், கேபிளோடு நசுக்கிப் பொருத்த (கிரிம்ப் செய்ய) அதற்குரிய இடுக்கி வேண்டும். பிளாஸ்டிக் கட்டு நாடா இரண்டு மூன்று ஆண்டில் வெயிலில் நொறுங்கி, கேபிள் ஓட்டில் உரசும். எவர்சில்வர் கிளிப் போடச் சொல்லுங்கள்.

மாலையில் ஒரு கோப்பை செண்டோல், 4 வெள்ளி 50 காசு. இன்று சாப்பிட்டதில் இதுவே சிறந்தது.

7 பிப்ரவரி, சனி: ஜார்ஜ் டவுன், ஆயர் ஈத்தாம்

தீவுக்குப் போகும் பெர்ரிப் படகில் காற்று நன்றாக இருந்தது. லெபோ பாசாரில் பூக்கடைகளுக்குத் தைப்பூசச் சுறுசுறுப்பு அடங்கிவிட்டது, சீனப் பெருநாளுக்கான சிவப்பு விளக்குகள் எதிர்த்தெருவில் தொங்கத் தொடங்கியிருந்தன.

வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளி, கோழி வறுவல் தனி. காலை ஐந்துக்கு மாவு அரைக்கும் இயந்திரம், பகல் முழுவதும் பிரிட்ஜ் நான்கு, புகைபோக்கி, பதினொன்று முதல் நான்கு வரை ஏர்கான் மூன்று. சோலாருக்கென்றே செய்து வைத்தது போன்ற கடை: வெளியே போக யூனிட்டே மிஞ்சாது. ஆனால் கூரை கடைக்காரருடையது அன்று, கட்டடம் வாடகை. குத்தகை மூன்று ஆண்டு, சோலார் போட்ட காசு திரும்ப ஆறேழு ஆண்டாவது ஆகும். கட்டட உரிமையாளர் போட்டு யூனிட் கணக்கில் வாடகையோடு வாங்கலாம், அல்லது குத்தகையை நீட்டலாம். முதலாளி ஐயா இலையை மடித்தபடி, "அவர் சம்மதிச்சா நாளைக்கே போடுவேன்" என்றார்.

இன்னொரு தடையும் இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த பகுதி இது. முகப்பிலிருந்து தெரியும் கூரையில் மாநகர் மன்றத்தின் அனுமதியில்லாமல் எதையும் மாற்றக் கூடாது. பழைய கடைவீட்டு மண் ஓடு எடை தாங்குவதும் சந்தேகம். ஒரு பேனல் 28 கிலோவுக்கு மேல், சட்டமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 13, 14 கிலோ. மரச்சட்டம் கறையான் தின்றிருக்கிறதா என்று உள்ளேயிருந்து விளக்கடித்துப் பார்க்காமல் எவரும் விலை சொல்லக் கூடாது. பின்கட்டுத் தகரக் கூரை இருந்தால் முதலில் அதைக் கணக்கெடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஓடாக இருந்தால் துளையிடவே கூடாது, தூசி நுரையீரலுக்குப் போகும். கூரையை மாற்றிவிட்டுத்தான் பேனல்.

மதியம் ஒரு கோயில். விமானத்துக்கு மேலே எதுவும் வரக் கூடாது என்று குருக்கள் சொன்னார், அது சரியான எல்லை. அன்னதான மண்டபத்துக் கூரை தனி, கிளிப்லாக் தகரம். இதில் துளையே தேவையில்லை, மடிப்பைக் கவ்வும் கிளாம்ப் போதும். துளையிட வேண்டிய சாதாரணத் தகரம் என்றால் ரப்பர் வாஷர் உள்ள திருகை மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். கோயிலின் பெரிய செலவு மாலை விளக்கும் ஒலிபெருக்கியும். பகலில் மோட்டார், சமையலறை, மின்விசிறி. ஆறு பேனலுக்கு மேல் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் சொன்னோம். நன்கொடையாளர் இருபதுக்குத் தயாராக இருக்கிறாராம். மிச்சக் காசில் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு டைமர் போட்டு மதியத்துக்கு மாற்றினால் அதுவே நல்ல காணிக்கை. இரவிலிருந்து பகலுக்கு நகரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 17 காசுக்கு மேல் லாபம்.

நான்கரைக்கு ஆயர் ஈத்தாம். பினாங்குக் கொடிமலை 833 மீட்டர், ஊருக்கு மேற்கே சுவர்போல நிற்கிறது. சூரியன் மறைவது ஏழு மணிக்கு மேல்தான், இங்கே மலையடி வீடுகளில் ஆறு மணிக்கு முன்பே நிழல். மதியத்துக்குப் பிறகு மேகமும் மலைமேல்தான் முதலில் கூடும். பாயான் லெப்பாஸ் கணக்கை இங்கே ஒட்டிப் போட்டால் ஏமாற்றம்தான். மலையடி வீட்டுக்குக் கிழக்குச் சரிவு.

8 பிப்ரவரி, ஞாயிறு: பாலிக் புலாவ், தெலுக் கும்பார்

பாலிக் புலாவில் இதற்கு நேர் எதிர். மலை கிழக்கே இருப்பதால் காலை வெயில் தாமதம், மாலை நீளம். லக்சா ஒரு கிண்ணம் 7 வெள்ளி, ஜாதிக்காய்ச் சாறு 3. எதிர் மேசைச் சீனப் பாட்டி நாங்கள் பேசுவதைக் கேட்டு, தன் வீட்டு மின்சார பில்லைக் கைப்பேசியில் திறந்து நீட்டினார், மலாயில் பத்து நிமிடம் விசாரித்தார். அவரும் கூரை அளவைத்தான் முதலில் சொன்னார்.

தெலுக் கும்பாரில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. ஆறு வருடப் பழைய அமைப்பு. அலுமினியச் சட்டத்தில் துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட். உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் ஒன்று மற்றதைத் தின்னும், இங்கே போல்ட் துருவேறிப் பாதியாகியிருந்தது. கடலோரத்துக்கு 316 வகை எவர்சில்வர், மற்ற இடத்தில் 304 போதும். கிளாம்பை முறுக்கு அளவு பார்த்து இறுக்க வேண்டும், பொதுவாக 12 முதல் 16 நியூட்டன் மீட்டர். கையால் இறுக்கியது புயல்காற்றில் தளரும்.

பேனலுக்கு அடியில் புறாக்கூடு மூன்று. எச்சம், சுள்ளி, கிழிந்த கேபிள் உறை. நான்கு பக்கமும் கம்பிவலைப் பாவாடை கட்டுவதுதான் வழி, பேனலில் துளையிடாமல் கொக்கியால் மாட்டுவது.

மழையில்லாத ஐந்து வாரத் தூசியும் இருந்தது. காலை 9.30க்கு ஒரு வரிசையைக் கழுவி, ஒரே திசையில் இருக்கும் அடுத்த வரிசையைக் கழுவாமல் அளந்தோம்: கழுவியது 4.9 ஆம்பியர், கழுவாதது 4.5. வெறும் குழாய்த் தண்ணீர், மென்மையான பிரஷ், நீளக் கைப்பிடி. சவர்க்காரம் படலமாகக் காயும், அழுத்த நீர்ப்பீச்சி ரப்பர் ஓரத்தைப் பிரிக்கும், உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடிக்கு ஆகாது. சரிவு 10 பாகைக்குக் குறைந்த இடத்தில் கீழ்ச்சட்ட ஓரமாகச் சேறு தங்கிப் பாசி பிடிக்கும், அங்கே விரலால் தேய்த்தே எடுக்க வேண்டும். வறட்சி மாதங்களில் மாதம் ஒருமுறை, மற்ற மாதங்களில் மழையே பார்த்துக்கொள்ளும்.

அந்த வீட்டு அண்ணன் பழைய திட்டத்து ஒப்பந்தத்தில் இருப்பவர், 2020இல் போட்டவர். யூனிட்டுக்கு யூனிட் கழிவு அவருக்கு இன்னும் ஓடுகிறது, அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் இந்த மாதம் விண்ணப்பிக்கப் போகிறார், வீட்டிலிருந்தே வேலை, பகலெல்லாம் ஏர்கான் ஓடும். "அப்ப எனக்கு எத்தனை பேனல் அங்கிள்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். மீட்டர் படம் ஒரு வாரத்துக்கு எடுத்து அனுப்பச் சொன்னோம். கிளம்பும்போது அந்தப் பெண் மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மணி எட்டைத் தாண்டிவிட்டதே, இன்றைக்கு எடுத்தால் கணக்கில் சேருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேராது, நாளைக் காலையிலிருந்து.